இன்று இடப்பக்கம்

ஒரு மணி நேரத்துக்கு ஆயிரத்து நூறு மீன்.
அது என் கணக்கு. எதிர்மேசை எடீத்தாவுக்கு இன்னும் நூறு கூடும்.
தல்காவேக்கு மேலே, ஆற்றுத்தண்ணீர் ஓடும் தொட்டிக் கொட்டகையில்
விரல் நீளச் சால்மன் குஞ்சுகளை மல்லாத்தி
அடிவயிற்று நடுக்கோட்டில்
துடுப்புக்கு ஒரு விரற்கடை முன்னே
ஊசித் துப்பாக்கியை அழுத்துகிறேன்.
பதினோரு வருடம். கை நடுங்கியதில்லை.

இரவு ஒன்பது.
குளிர்பெட்டிக் கதவில்
வெண்ணெய்க்கும் மிளகாய் விழுதுக்கும் நடுவே
பேனா போல் படுத்திருக்கிறது மருந்து.
இருநூற்று இருபத்தைந்து வரை திருகுகிறேன்,
சொடுக்குச் சொடுக்காக.
ஊசி நுனியில் ஒரு துளி எட்டிப் பார்க்கிறது
சளி பிடித்த பிள்ளையின் மூக்குபோல.
வேண்டாம், அந்த உவமை வேண்டாம்.
ஒரு துளி. அவ்வளவுதான்.

தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளித்
தோலைக் கிள்ளிப் பிடிக்கிறேன்.
மயக்க மருந்துத் தண்ணீரில் முக்காமல்
ஒரு மீனைக்கூட நான் குத்தியதில்லை.

முதல் நாள் நாற்பது நிமிடம் ஆனது.
அந்த நேரத்தில் எழுநூற்றுச் சொச்சம் மீன் முடித்திருப்பேன்.

நிபால்தோ உதவிக்கு வந்தான்.
பதினைந்து பாகம் ஆழத்தில்
பாறையிலிருந்து சிப்பி பெயர்ப்பவன்.
ஊசியைக் கண்டதும் சுவரைப் பார்த்தான்.
'போய் அடுப்புக்கு விறகு போடு' என்றேன்.
போட்டான். போட்டுக்கொண்டே இருந்தான்.
வெளியே ஜூலை மழை
சன்னலை அறைந்துகொண்டிருக்க
வீட்டுக்குள் எங்களுக்கு வியர்த்து ஊற்றியது.

மீன்தீவனக் கம்பெனி கொடுத்த நாள்காட்டியில்
இ, வ, இ, வ என்று எழுதி வைத்திருக்கிறேன்.
இன்று இடப்பக்கம்.
நேற்றைய வலப்பக்கம் கத்தரிப்பூ நிறம்.
அதற்கு முந்தியவை மஞ்சளாகிக்கொண்டிருக்கின்றன.
ஆறாம் நாளிலிருந்து இரண்டாவது ஊசி.
அது எரியும். எரிந்து, தடித்து, அரிக்கும்.
முதலாவதை நல்லவள் என்று சொல்லவைக்கும்.

வாரத்தில் மூன்று விடியல்
இருட்டிலேயே படகேறி நீரிணை கடக்கிறேன்.
புவெர்த்தோ மொன்டில் பல் வைத்தியம் என்று விடுப்பு.
'எந்தப் பல்?' என்றாள் எடீத்தா.
'எல்லாமும்தான்.'
அவள் என் வயிற்றைப் பார்த்தாள், பிறகு தன் மீனைப் பார்த்தாள்.
அன்றிலிருந்து கனத்த கூடைகளை
நான் குனியும் முன்பே அவள் இழுத்துவிடுகிறாள்.

திரையில் கறுப்புக் குமிழிகளை
செவிலி மிரேயா அளந்து சொல்கிறாள்:
பதினான்கு. பதினாறு. இது சின்னது, விடுங்கள்.
விடுங்கள் என்றால் எப்படி விடுவது?
மேசையில் நான் ஒதுக்கும் குஞ்சுகள்
எந்த வாளிக்குப் போகும் என்று
எனக்குத் தெரியும்.

கடைசி ஊசி பதினொன்றே காலுக்கு.
முன்னே பின்னே ஐந்து நிமிடம்கூட ஆகாது.
பத்தரைக்குக் காற்று கம்பியை அறுத்தது;
தெரு முழுக்கக் கரண்ட் போனது.
நிபால்தோ முங்குவிளக்கை
நெற்றியில் கட்டிக்கொண்டு வந்து மண்டியிட்டான்.
இந்த முறை சுவரைப் பார்க்கவில்லை.
என் கை அசையவில்லை. வெளிச்சம்தான் நடுங்கியது,
வயிற்றின் மேல், நீருக்கடியில் கிடக்கும் எதையோ தேடுவதுபோல்.
அழுத்தினேன். பத்து வரை எண்ண வேண்டும்.
நான் எண்ணி முடிக்கும்வரை
அவன் மூச்சு விடவில்லை.

மறுநாள் ஒன்பதுக்கு ஊசி ஏதும் இல்லை.
ஆனாலும் கை போய்க் கதவைத் திறந்துவிட்டது.
வெண்ணெய். மிளகாய் விழுது.
இடையில் ஒரு பேனா அகலத்துக்கு இடம்.
'குளிரெல்லாம் வெளியே போகுது' என்றான் அவன்.
போகட்டும்.
இன்னும் கொஞ்ச நேரம்
திறந்தபடி இருக்கட்டும்.